தலையெழுத்தும் ஓரெழுத்தும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்துத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு தோழர் நம்மை நிறுத்தி, "இன்றைக்கு எதைப் பற்றிப் பேச்சு?" என்று கேட்டார். "ஒரு சிறு குப்பியைப் பற்றி" என்றோம். "மருந்துக் குப்பியா, சாராயக் குப்பியா?" என்றார். இரண்டும் இல்லை. அது சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதற்குள் இருப்பது ஒரு துளி நீரில் கரைந்த புரதம். அதன்மேல் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குக் கொடுப்பதற்கல்ல" என்று அச்சிட்டிருக்கும். மனித உடம்பில் இருக்கும் 'ராஸ்' என்னும் புரதத்தை, ஒரு மனிதனையும் தொடாமல், பாக்டீரியாவைக் கொண்டு உண்டாக்கிச் சுத்தம் செய்து, உறைய வைத்து, ஆராய்ச்சிச்சாலைகளுக்கு அனுப்புகின்றார்கள்.

பனியன் ஊரில் நின்றுகொண்டு இதைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கின்றது. அதை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

சில வருஷங்களுக்கு முன் நமக்குப் பழக்கமான ஒரு தோழர் இருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். கையுறை இல்லாமல் தொட்டியில் கைவிட்டுப் பழகியவர். அவர் கை என்ன நிறமாயிருக்கின்றதோ அதைப் பார்த்தே அன்று பட்டறையில் என்ன சாயம் ஓடுகின்றது என்று தெருப்பிள்ளைகள் சொல்லும். ஒரு நாள் அவருக்கு மூத்திரம் சிவப்பாய்ப் போயிற்று. வலி இல்லை. "சாயம் உள்ளே போயிருக்கும், தானே இறங்கிவிடும்" என்றார்கள். நாலு நாளில் நின்றுவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ஜோசியரிடம் போனார்கள். பூர்வ ஜென்ம பாவம் என்றும், தோஷம் என்றும், இன்னின்ன கோயிலில் இன்னின்ன பரிகாரம் என்றும் பட்டியல் வந்தது. மனைவியின் கம்மல் அடகுக்குப் போயிற்று. ஒரு வருஷமும் போயிற்று. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மூத்திரப்பையில் புற்று. அது பையின் சுவரைத் தாண்டி வெளியே பரவிவிட்டது என்றார்கள். அவர் பிழைக்கவில்லை. துக்கம் கேட்கப் போன நம்மிடம் அந்த அம்மாள் சொன்னது ஒரே வார்த்தைதான்: "எல்லாம் அவரு தலையெழுத்துங்க."

தோழர்களே! நாம் அந்த அம்மாளைக் குற்றம் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தவர்களைத்தான் கேட்கின்றோம். எழுத்து என்று ஒன்று இருந்தால் அதைப் படித்துக்காட்ட வேண்டாமா? எங்கே எழுதியிருக்கின்றது? எந்தப் பாஷை? எத்தனையாவது வரி? இதுவரை ஒரு ஜோசியனாவது, ஒரு சாஸ்திரியாவது ஒருவன் மண்டையில் ஒரு எழுத்தைப் படித்துக் காட்டியதுண்டா? ஆனால் மூத்திரப்பைப் புற்றில் ஓரெழுத்து மாறியிருந்ததை மனிதன் உண்மையிலேயே படித்துக் காட்டியிருக்கின்றான். அந்தக் கதைதான் இந்தக் குப்பியின் கதை.

முதலில் சாயத்தைப் பார்ப்போம். 1895ஆம் வருஷம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை வைத்தியர் லுட்விக் ரேன் என்பவர், மெஜந்தாச் சாயம் செய்யும் ஆலைத் தொழிலாளர்களிடையே மூத்திரப்பைப் புற்று வருவதைக் கண்டு எழுதினார். சாயத் தொழிலில் பயன்பட்ட பென்சிடின், பீட்டா நாப்தைலமின் முதலிய சரக்குகள் விஷம் என்பது பிற்பாடு ருஜுவாயிற்று. இவை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகின்றன. ஈரல் இவற்றை மாற்றி மூத்திரத்தில் தள்ளுகின்றது. மூத்திரம் மணிக்கணக்காய்த் தங்குமிடம் மூத்திரப்பை. ஆகவே விஷம் அதிக நேரம் தங்கும் இடத்தில் புற்று வருகின்றது. இதில் பூர்வ ஜென்மம் எங்கே வந்தது என்று கேட்கின்றோம். பிராங்க்பர்ட் தொழிலாளிக்கும் சர்ப்ப தோஷமா?

இந்த வகை விஷங்களை வெளியிடும் அசோச் சாயங்களை 1994இல் ஜெர்மனி தடுத்தது. இந்திய சர்க்காரும் பென்சிடின் சாயங்களையும், 1997இல் இன்னும் பல அசோச் சாயங்களையும் தடை செய்தது. துணி உடுத்துகின்றவனின் தோலுக்காக அங்கே ஒரு கேள்வி பிறந்தது. ஏற்றுமதி நின்றுவிடக்கூடாதே என்று இங்கே பரிசோதனைச் சீட்டுகள் வந்தன. நல்லதுதான். ஆனால் அந்தத் துணியைச் சாயத்தில் முக்கி எடுத்தவனின் கைக்காக, அவன் மூத்திரப்பைக்காக, அவ்வளவு உரக்கக் கேட்டவர் யார்?

இனி எழுத்துக்கு வருவோம். நமது உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் மரபுப் பொருள் என்னும் நூல் இருக்கின்றது. அதில் நாலே எழுத்துகள். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அமினோ அமிலம் என்ற கணக்கில் கோத்தால் புரதம் உண்டாகின்றது. இந்த அகராதியைப் படித்தவர்களில் ஒருவர் ஹர்கோவிந்த் குரானா. பஞ்சாபில் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, மரத்தடியில் பாடம் படித்தவர். 1968இல் நோபல் பரிசு பெற்றார். நாக்கில் சரஸ்வதி எழுதி வந்த படிப்பல்ல அது. சோதனைக் குழாயில் வருஷக்கணக்காய் உழைத்து வந்த படிப்பு.

அந்த அகராதி கைக்கு வந்தபின், ஒரு நோயாளியின் மூத்திரப்பைப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களை அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றின் மரபுப் பொருளை எலியின் உயிரணுக்களில் சேர்த்தால் அவையும் கட்டுக்கடங்காமல் வளர்ந்தன. அப்படியானால் குற்றவாளி அந்த நூலுக்குள்தான் இருக்கவேண்டும். நூலைத் துண்டு துண்டாய்ப் பிரித்துத் தேடினார்கள். 1982இல் வைன்பர்க், பார்பாசிட், விக்லர் ஆகியோரின் மூன்று ஆராய்ச்சிச்சாலைகளும் ஒரே முடிவுக்கு வந்தன. ராஸ் மரபணுவில் பன்னிரண்டாவது சொல்லில் நடு எழுத்து ஒன்று மாறியிருக்கின்றது. அதனால் கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் வந்திருக்கின்றது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துள்ள நூலில் ஓரெழுத்து!

நிட்டிங் மிஷினில் வேலை பார்க்கும் தோழர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு ஊசி வளைந்தால் ரோல் முழுக்கக் கோடு விழுகின்றது. அப்போது நீங்கள் மிஷினுக்கு எலுமிச்சம்பழம் சுற்றுகின்றீர்களா, ஊசியைத் தேடி மாற்றுகின்றீர்களா?

அந்த நோயாளி சாயத் தொழிலாளி என்று நாம் சொல்லவில்லை. சாயத்தால் வரும் புற்றெல்லாம் இதே எழுத்துப் பிழையால் வருகின்றது என்றும் சொல்லவில்லை. புற்று உண்டாக ஒரு பிழை மாத்திரம் போதாது. பல பிழைகள் சேரவேண்டும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வதுதான் பகுத்தறிவு. ஆனால் ஒன்று திண்ணம்: பன்னிரண்டாவது சொல்லில் இருந்த அந்தப் பிழை பிறக்கும்போது எழுதப்பட்டதல்ல. சாதாரண உயிரணுக்களில் எழுத்து சரியாயிருக்கின்றது. வாழ்நாளில், மூத்திரப்பையின் ஒரு உயிரணுவில், புதிதாய் விழுந்த பிழை அது. பிரம்மாவும் எழுதவில்லை, போன ஜென்மமும் எழுதவில்லை.

சரி, இந்த ராஸ் புரதத்துக்கு என்ன வேலை? பவர் டேபிளில் உட்காரும் தாய்மார்கள் பெடலை நினைத்துக்கொள்ளுங்கள். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். உயிரணுவுக்கு "வளர்" என்று சொல்லும் பெடல் ராஸ். ஜி.டி.பி. என்னும் சிறு பொருள் அதில் ஒட்டியிருந்தால் அது மிதித்த நிலை. அதை ராஸ் தானே வெட்டி ஜி.டி.பி.யிலுள்ள மூன்று பாஸ்பேட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டால் அது கால் எடுத்த நிலை. இப்படி வெட்டுகின்ற சிறு புரதங்களின் பெரிய குடும்பமே நமது உடம்பில் உண்டு. ராஸ் அதில் மூத்த பிள்ளை மாதிரி. 189 அமினோ அமிலங்கள்தான் அதன் நீளம். பன்னிரண்டாவது இடத்தில் பிழை வந்தால் வெட்டு நடப்பதில்லை. பெடல் மிதித்தபடியே சிக்கிக்கொள்கின்றது. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ராஸ் குடும்பத்துப் பிழை காணப்படுகின்றது.

இதையெல்லாம் எப்படிக் கண்டார்கள்? உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கின்றன. சந்தைக் கூட்டத்தில் ஒருவன் குரலை மட்டும் கேட்பது எப்படி? அதற்குத்தான் குப்பி. மனித ராஸ் மரபணுவை ஒரு சிறு வளையத்தில் கோத்து, ஈ. கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்துகின்றார்கள். அது நமது குடலில் குடியிருக்கும் ஜாதி. நல்ல தீனி கொடுத்தால் இருபது நிமிஷத்துக்கொரு தடவை இரண்டாகும். ஒரு ராத்திரியில் கோடி கோடியாய்ப் பெருகி, மனித எழுத்தைப் படித்து மனிதப் புரதத்தைச் செய்து குவிக்கின்றது. புரதத்தின் முனையில் ஹிஸ்டிடின் ஆறு சேர்த்து ஒரு வால் வைத்திருப்பார்கள். பாக்டீரியாவை உடைத்து, அந்தச் சாற்றை நிக்கல் ஏற்றிய குழாயில் விட்டால், வால் உள்ளது நிக்கலில் ஒட்டிக்கொள்ளும்; மற்றவை பெரும்பாலும் ஓடிவிடும். பிறகு ஒட்டியதைக் கழற்றி எடுக்கின்றார்கள்.

சுத்தமாய் வந்ததா என்று பார்ப்பது எப்படி தெரியுமா? சாயம் போட்டுத்தான்! கூமாஸி நீலம் என்று ஒரு சாயம். கம்பளிக்கு ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. கம்பளி புரதம், ஆகவே அது பிடிக்கும். நமது பனியன் பருத்தி. அதில் அது நிற்காது. கம்பளியில் பிடிப்பது எந்தப் புரதத்திலும் பிடிக்கும் என்று 1963 முதல் ஆராய்ச்சிச்சாலைகளில் எடுத்துக்கொண்டார்கள். புரதத்தைப் பாகு போன்ற தகட்டில் ஓடவிட்டு இந்த நீலத்தில் முக்கினால், ராஸ் ஒரே ஒரு நீலக்கோடாய் நிற்கும். இரண்டு கோடு தெரிந்தால் சரக்கில் கலப்படம் என்று அர்த்தம். சாயத் தொழிலாளியின் அறிவு எங்கெல்லாம் பயன்படுகின்றது பாருங்கள்!

இப்படிச் செய்த சுத்தமான ராஸை, சரியானதையும் பிழையானதையும், 1984இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். பிழையானது மெதுவாய் வெட்டியது. ஆனால் சரியானதும் குழாயில் அப்படியொன்றும் வேகமில்லை. 1987இல் டிரேஹி, மக்கார்மிக் என்பவர்கள் இரண்டையும் தவளை முட்டையணுக்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அங்கே சரியான ராஸ் மின்னல் வேகத்தில் அணைந்தது. பிழையானது அணையவே இல்லை. ஆகவே ராஸை அணைக்க உள்ளே இன்னொரு துணைப் புரதம் இருக்கின்றது என்றும், பிழையான ராஸ் அதற்குப் பிடிகொடுப்பதில்லை என்றும் தெரிந்தது. குப்பி இல்லாவிட்டால் இந்த உண்மை வெளிவருவது மிகக் கஷ்டம்.

புரதங்களின் உருவத்தை அறிவதில் நமது சென்னைக்கும் பெருமை உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய தோழர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் ஒரு கட்டம் வரைந்தார்கள். புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று காட்டும் கட்டம் அது. உலகத்தில் எவன் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டாலும், ராஸ் ஆனாலும் சரி, அந்தக் கட்டத்தில் வைத்துச் சரிபார்க்கின்றான். பொருந்தாவிட்டால் மறுபடி ஆராய்கின்றான். நமது நாட்டில் இன்னொரு கட்டமும் வரைகின்றார்கள், ஜாதகக் கட்டம். அது பொய்த்தால் ஜோசியன் திருத்துகின்றானா? தோஷத்தைக் கூட்டுகின்றான், பரிகாரத்தைக் கூட்டுகின்றான், கட்டணத்தையும் கூட்டுகின்றான். இரண்டு கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அறிவுக்கும் புரட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு சங்கதி. இன்று சிலர் "மரபணு" என்னும் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பிறவியில் உயர்வு தாழ்வு உண்டென்பது விஞ்ஞானமே என்று பேசத் தொடங்கியிருக்கின்றார்கள். மனுவின் பேரால் சொல்ல முடியாததை மரபணுவின் பேரால் சொல்லப் பார்க்கின்றார்கள். அவர்களுக்குக் குப்பியே பதில். கள்ளை நுரைக்க வைக்கும், ஆப்பமாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டிலும் ராஸ் உண்டு. 1985இல் ஈஸ்டின் சொந்த ராஸை எடுத்துவிட்டு, மனித ராஸை வைத்துப் பார்த்தார்கள். ராஸே இல்லாவிட்டால் சாகவேண்டிய ஈஸ்ட், மனித ராஸை வைத்துப் பிழைத்துக்கொண்டது! மனிதனுக்கும் கள்ளுப்பானைக்குமே இவ்வளவு உறவு இருக்க, ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ரத்தம் வேறு என்பவனை என்ன சொல்வது? குடலில் மலத்தோடு வாழும் பாக்டீரியா செய்து கொடுத்த மனிதப் புரதம், மனிதப் புரதம் செய்யும் வேலையையே செய்கின்றது. தீட்டுப் பட்டதென்று அது வேலையை நிறுத்தவில்லை.

"உங்கள் விஞ்ஞானம் புற்றை ஒழித்துவிட்டதா?" என்று கேட்பார்கள். இல்லை என்று ஒளிக்காமல் சொல்கின்றோம். ராஸை மருந்தால் தொடவே முடியாது என்று முப்பது வருஷத்துக்கு மேலாய் நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோல்வியை அவர்கள் மறைக்கவில்லை. முயற்சியை விடவும் இல்லை. 2013இல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகட் என்பவரின் குழு, சுத்தமான ராஸ் புரதத்தில் ஒவ்வொரு பொருளாய் ஒட்டிப் பார்த்து, ஒரு வகைப் பிழையுள்ள ராஸில் மட்டும் ஒரு சிறு பள்ளம் திறப்பதைக் கண்டது. அந்த வழியே போய் 2021இல் சோட்டோராசிப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது அப்போது அந்த ஒரு பிழையுள்ள நுரையீரல் புற்றுக்குத்தான் அனுமதிக்கப்பட்டது. எல்லோரையும் குணப்படுத்தாது, ஏழைக்கு எட்டும் விலையுமல்ல. ஆனாலும் மூடியிருந்த கதவு திறந்தது. ஆயிரம் வருஷப் பரிகாரத்தில் திறக்காத கதவு, முப்பத்தொன்பது வருஷச் சோதனையில் திறந்திருக்கின்றது.

ஒரு எச்சரிக்கையும் செய்கின்றோம். இந்தப் பெயர்களைக் காதில் வாங்கிக்கொண்டு, "மரபணு மருந்து", "புரத ஊசி" என்று நாளை ஒருவன் உங்களிடம் காசு பறிக்க வரலாம். குப்பியின்மேல் எழுதியிருப்பதை மறக்காதீர்கள்: ஆராய்ச்சிக்கு மட்டும். விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லி ஏய்க்கின்றவனும் பூசாரியின் தம்பிதான்.

இனி நீங்கள் செய்யவேண்டியது என்ன? சாயப்பட்டறைத் தோழர்களே! பெயரில்லாத டின்னைத் திறக்காதீர்கள். உள்ளே என்ன சரக்கு என்று கேளுங்கள். கையுறையும் முகமூடியும் முதலாளி போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை. தொழிலால் வந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. பீடி சிகரெட்டை விடுங்கள். மூத்திரப்பைப் புற்றுக்கு அது பெரிய காரணம். சாயத்தை மட்டும் குறை சொல்லிப் பீடியை மறைப்பது யோக்கியமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூத்திரத்தில் ஒரு தடவை ரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், தானே நின்றுவிட்டாலும், உடனே டாக்டரிடம் போங்கள். குழாய் விட்டுப் பையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். எல்லா ரத்தமும் புற்றல்ல. ஆனால் எது என்று சொல்லவேண்டியவர் டாக்டர், ஜோசியரல்ல.

புற்றுக்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தலையெழுத்தென்று மூலையில் உட்காரவில்லை. 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட அதே அம்மையார்தான். பெண்ணின் இழிவையும் தலையெழுத்தென்றார்கள்; நோயையும் தலையெழுத்தென்றார்கள். இரண்டையும் அவர் ஏற்கவில்லை.

நொய்யலில் சாயம் ஓடியபோதும் சிலர் விதி என்றார்கள். விவசாயிகள் தண்ணீரைச் சோதித்துக் கணக்குக் காட்டி வழக்காடினார்கள். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் இந்த ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்தம் செய்யும் ஏற்பாட்டுக்குப் பிறகே பட்டறைகள் திறந்தன. விதியாயிருந்தால் மாறியிருக்குமா?

ஆகவே தோழர்களே! எழுத்து உண்டு, ஆனால் அது தலையில் இல்லை. அதைப் படிக்கலாம், பிழை எங்கே என்று காணலாம், பிழை வரும் வழியை அடைக்கலாம். அடுத்த வீட்டில் ஒரு சாயத் தொழிலாளி மூத்திரம் சிவப்பாய்ப் போகின்றதென்று சொன்னால், "தலையெழுத்து" என்னும் வார்த்தை உங்கள் வாயில் வருமுன் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அந்த அம்மாளின் கம்மல் அடகுக்குப் போனது போல இன்னொரு கம்மல் போகாமலிருந்தால், இன்று நாம் பேசியதற்குப் பலன் கிடைத்ததென்று கருதி, இத்துடன் முடித்துக்கொள்கின்றோம்.